தொட்டுப் படித்த பாடம்

1990ஆம் ஆண்டு ஆடி மாதம். தீவுப்பகுதியில், சரவணையில் எங்கள் வீட்டில் ஒரு விடியற்காலையில் என் அண்ணை மாரடைப்பால் இறந்துபோனார். தன் உடலை எரிக்கக் கூடாது, கடல் தாண்டிக் கொண்டுபோய்ப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் கொடுத்துவிட வேண்டும், பிள்ளைகள் வெட்டிப் படிக்கட்டும் என்பது அவருடைய கடைசி விருப்பம். வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே ஆண் நான். அதனால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அண்ணை தெற்கே பல ஆஸ்பத்திரிகளில் அப்போதிக்கரியாக, அதாவது உதவி வைத்தியராக, வேலை பார்த்தவர். கலியாணம் கட்டவில்லை. எண்பத்து மூன்று கலவரத்தோடு அகதிக் கப்பலில் வந்து இறங்கியபோது அவரிடம் இருந்தவை மூன்று: உடுத்த வேட்டி, மூக்குக்கண்ணாடி, மாவுக்கட்டுப் போட்ட இடது கை. கைக்கு என்ன நடந்தது என்று கேட்டோம். "கலவரம் எண்டவுடனை பக்கத்து வீட்டுக்காரன்ரை சைக்கிளை எடுத்து ஓடினனான். ஓடத் தெரியுமே எனக்கு? மதகோடை விழுந்துபோனன்" என்றார். நாங்கள் அழுதுகொண்டே சிரித்தோம். எங்கள் தங்கச்சிக்கு அது ஒரு வாழ்நாள் பகிடியாகிவிட்டது. வீட்டு வாசல் ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டால் போதும், "பெரியண்ணை, கையைப் பத்திரமா வைச்சிருங்கோ" என்று குசினிக்குள் இருந்து குரல் கொடுப்பாள். அவரும் கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். ஏழு வருஷம் அந்தப் பகிடியில் குடும்பமே சிரித்தது.

அந்த ஆண்டு சித்திரைக்குப் பிறகு, சண்டை இல்லாத கொஞ்ச நாட்களில், மருத்துவ பீடத்து மாணவர்கள் ஒரு பஸ்ஸில் பண்ணைப் பாலத்தால் எங்கள் ஊருக்கு வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் தங்கி, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் நிறை, உயரம், கிணற்றுத் தண்ணீர் எல்லாம் அளந்தார்கள். நான் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். எதையும் எண்ணாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. ஆகவே அவர்களோடு ஒட்டிக்கொண்டேன். அண்ணையும் வந்தார். அவர் பேசியது முழுக்க ஆஸ்பத்திரிக் கதை.

ஒரு நாள் பின்னேரம் தேத்தண்ணீர் குடிக்கும்போது ஒரு மாணவி சொன்னாள்: "எங்களுக்குப் பன்னிரண்டு பேருக்கு ஒரு உடம்பு, ஐயா. பின்னால நிக்கிறவைக்கு முன்னால நிக்கிறவையின்ரை முதுகுதான் உடற்கூற்றியல்."

அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கேட்டார்: "அப்ப நான் வந்தால் பதினொண்டாகுமோ?"

"எத்தினை உடம்பு இருக்குது?" என்று நான் கேட்டேன். எட்டு என்றாள். நான் மனக்கணக்குப் போட்டேன். "தொண்ணூற்றாறை ஒன்பதால பிரிச்சா பத்தும் மூண்டில ரெண்டும்."

"அந்த மூண்டில ரெண்டு ஆரெண்டு எனக்குத் தெரியும்" என்று அண்ணை என்னைக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள்.

பகிடி என்றுதான் நான் நினைத்தேன். அடுத்த கிழமை அவர் பட்டணத்துக்குப் போய் உடலைக் கொடுப்பதற்குக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். தங்கச்சி இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் வெடித்தாள். "சுடலையில காடாத்துக்கு எந்த எலும்பைப் பொறுக்கிறது? அந்தியேட்டிக்கு எதைக் கரைக்கிறது? நாலு சனத்துக்கு நான் என்ன சொல்லுறது?"

"நகத்தை வெட்டி வைச்சிரு, பிள்ளை. அது போதும். மிச்சம் அவை படிக்கட்டும்."

ஆனியில் மறுபடியும் சண்டை தொடங்கியது. இராணுவம் இருந்த கோட்டையைச் சுற்றி அடிபாடு. கோட்டையடியில் முடிகிற பண்ணைப் பாலத்தால் ஒரு காகமும் போக முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணை போய்ச் சேர்ந்தார்.

நேரம் கடந்தால் உடம்பு படிப்புக்கு உதவாது என்று அவரே எனக்குப் பல தடவை சொல்லியிருந்தார். தங்கச்சி நான் எதிர்பார்த்ததைப் போல மறிக்கவில்லை. குளிப்பாட்டி, திருநீறு பூசி, தேவாரம் பாடி முடித்தாள். பிறகு ஒரு சின்னக் கத்தரிக்கோலை எடுத்துவந்து பத்து விரல் நகத்தையும் வெட்டி ஒரு வெள்ளைத் துணியில் முடிந்துகொண்டாள். "கொண்டு போங்கோ, சின்னண்ணை" என்றாள். அவ்வளவுதான்.

சரவணைக் கரையிலிருந்து அராலிக்கு வள்ளத்தில் போவதென்று முடிவு. அயலூர்க் கடற்றொழிலாளி ஒருவர், வேதக்காரர், தானாக வந்து நின்றார். தன் பிள்ளைகளின் காய்ச்சலுக்கெல்லாம் அண்ணைதான் மருந்து கொடுத்தவர் என்றார். வெள்ளைத் துணியால் சுற்றிய உடலை வள்ளத்தின் நடுவில் வைத்தோம். அவர் சிலுவை போட்டுக்கொண்டு கம்பை ஊன்றினார். நடுக்கடலில் ஹெலிகொப்ரர் சத்தம் கேட்டது. நான் அண்ணையின் காலைப் பிடித்துக்கொண்டேன்.

வள்ளக்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "வாத்தியார், உங்கடை அண்ணை உயிரோடை இருக்கேக்கை வள்ளத்தில ஏறப் பயந்து கத்துவார். இண்டைக்கு அவர் சத்தம் போடாமல் வாறார். நீங்கள்தான் கத்துறியள்."

நான் கத்தியது எனக்கே தெரியவில்லை. ஹெலிகொப்ரர் கோட்டைப் பக்கம் திரும்பிவிட்டது. அராலியில் உடலை இறக்கினோம். வள்ளக்காரர் குனிந்து அண்ணையின் நெற்றியைத் தொட்டுவிட்டு, வெயில் ஏற முதல் திரும்ப வேண்டும் என்று போய்விட்டார். அவரை அதற்குப் பிறகு நான் காணவில்லை.

அங்கிருந்து மாட்டு வண்டில். வட்டுக்கோட்டை, மானிப்பாய் என்று வழி நெடுகச் சனம் மூட்டை முடிச்சோடு எதிரும் புதிருமாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு நான் "கம்பசுக்கு" என்று சொன்னேன். பிரேதத்தை வைத்துக்கொண்டு கம்பசுக்குப் போகிறேன் என்பவனை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு கிழவர் வண்டில்காரனிடம் இரகசியமாக, "ஆளுக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டார். எனக்குக் கேட்கும்படியான இரகசியம்.

பல்கலைக்கழகப் பக்கம் வந்தபோது மத்தியானம் திரும்பிவிட்டது. மதிலோரம் மாணவர்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சுற்ற நாலு பேர் செய்தி கேட்டார்கள். கிணற்றடிக் கொடியில் சவர்க்காரம் காணாத சேட்டுகள் காய்ந்தன. பாலம் மூடி, பாதை மூடி, வீட்டுக்குப் போக வழியில்லாத பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட்டார்கள். வகுப்புகள் நடப்பதும் நிற்பதுமாக இருந்தன.

மருத்துவ பீடத்தில் விரிவுரையாளர் ஒருவர் வெளியே வந்தார். என்னைவிட வயது குறைந்தவர், ஆனால் தலை என்னைவிட நரைத்திருந்தது. நான் கையெழுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் வண்டிலைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"ஐயா, உடம்பைக் கெடாமல் வைக்கிற போமலின் முடிஞ்சுபோச்சு. கொழும்பிலயிருந்து வாறதுக்கு வழியில்லை. இருந்த உடம்புகளையே காப்பாற்ற ஏலாமல் போன மாசம் எரிச்சுப்போட்டம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "நாங்கள் கெதியாத்தானே கொண்டு வந்தனாங்கள்" என்றேன்.

"கெதியாத்தான் கொண்டு வந்திருக்கிறியள். வைச்சிருக்க எங்களிட்டை ஒண்டும் இல்லை. இந்த வெக்கைக்கு நாளைக்கே..." என்று சொன்னவர் நிறுத்திக்கொண்டார்.

திருப்பிக் கொண்டுபோக வள்ளம் இல்லை. அந்தக் கரையில் எங்களுக்குச் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. கொடுத்த சொல்லுக்காகக் கடல் தாண்டிக் கொண்டுவந்த என் அண்ணை ஒருவருக்கும் தேவைப்படாத பொருளாக வெயிலில் கிடந்தார். அந்த வாசலில் நின்ற அளவு கைவிடப்பட்டவனாக நான் அதற்கு முன் நின்றதில்லை.

அப்போது உள்ளே இருந்து ஒரு மாணவி ஓடி வந்தாள். எங்கள் ஊருக்கு வந்து முதுகுக் கதை சொன்ன அதே பிள்ளை. வண்டிலை எட்டிப் பார்த்தவள், "ஐயோ, அப்போதிக்கரி ஐயா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்னிடம் திரும்பி, "நான் பகிடிக்குச் சொன்னனான், ஐயா. உண்மையா வருவாரெண்டு நினைக்கேல்லை" என்று அழத் தொடங்கினாள்.

நான் விரிவுரையாளரிடம் கேட்டேன்: "அப்ப இவராலை ஒரு பிரயோசனமும் இல்லையோ, சேர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மாணவியிடம், "நிக்கிற எல்லாரையும் கூப்பிடும். செருப்பை வெளியில விட்டிட்டு வரச் சொல்லும்" என்றார்.

அண்ணையை உள்ளே கொண்டுபோய் ஒரு நீள மேசையில் கிடத்தினார்கள். பெரிய மண்டபம். மற்ற மேசைகள் எல்லாம் வெறுமையாக இருந்தன. கரண்ட் இல்லாததால் யன்னல்களை முழுக்கத் திறந்துவிட்டார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கை கழுவிக்கொண்டு வந்தார்கள். எண்ணினேன். இருபத்து மூன்று பேர். டைனமோ சுற்றிய பெடியனும் வந்து நின்றான்.

"இண்டைக்கு வெட்டுறேல்லை. தொட்டுப் படிக்கிறது மட்டும்" என்றார் விரிவுரையாளர். "ஒவ்வொருத்தராக் கிட்ட வாங்கோ. இண்டைக்கு முதுகு பாக்கிறவை ஒருத்தரும் இருக்கக் கூடாது."

அவர் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. ஒரு கதிரை எடுத்துப் போட்டார். நான் இருக்காமல் தலைமாட்டில் நின்றேன்.

அந்தப் பாடத்தை என்னால் மறக்க முடியாது. நெஞ்செலும்பில் ஒரு மேட்டைக் காட்டி, அதிலிருந்து விலா எலும்புகளை எண்ணச் சொன்னார். பிள்ளைகள் விரல் வைத்து வாய்க்குள் எண்ணினார்கள். நானும் சேர்ந்து எண்ணினேன். இருதயம் இருக்கும் இடம் இது, ஈரல் முடியும் இடம் இது, நாடி பிடிக்கும் இடம் இது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு பிள்ளையும் தொட்டது. தொட முதல் சிலர் கும்பிட்டார்கள். அண்ணையை யாரும் அவ்வளவு பக்குவமாகத் தொட்டு நான் பார்த்ததில்லை. எனக்குள் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. சொன்ன சொல் முழுதாக இல்லாவிட்டாலும் மூன்றில் இரண்டு பங்காவது நிறைவேறுகிறது என்று நினைத்தேன்.

அப்படி இடது கைக்கு வந்தார்கள்.

"முழங்கைக்குக் கீழ தடவிப் பாருங்கோ. என்ன தெரியுது?"

டைனமோப் பெடியன் தடவினான். "முந்தி உடைஞ்சு பொருந்தின எலும்பு, சேர். சின்னி விரல் பக்கத்து எலும்பு."

"மற்ற எலும்பு?"

"அதில ஒண்டுமில்லை. நேரா இருக்குது."

எனக்கு ஒரு உற்சாகம் வந்துவிட்டது. என் அண்ணையைப் பற்றி அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று. "அது சைக்கிளாலை விழுந்தது" என்றேன். மதகுக் கதை முழுவதையும், தங்கச்சியின் பகிடியோடு சொன்னேன். இரண்டு மூன்று பிள்ளைகள் சிரித்தார்கள். விரிவுரையாளர் சிரிக்கவில்லை. ஆனால் படிப்பிக்கும் வேகத்தில் இருந்த அவர் நிறுத்தவும் இல்லை. எந்த வாத்தியாரும் அந்த இடத்தில் நிறுத்தமாட்டார், நானும் வாத்தியார்தானே.

"விழுந்தால் கையை எப்பிடி ஊண்டுவம்?" என்று கேட்டார்.

ஒருவன் உள்ளங்கையை விரித்து நிலத்தில் ஊன்றுவது போலக் காட்டினான்.

"அப்ப எங்கை உடையும்?"

"மணிக்கட்டுக்குக் கிட்ட, சேர்."

"இது மணிக்கட்டில்லை. கையின்ரை நடுவில, ஒரு எலும்பு மட்டும் உடைஞ்சிருக்குது." அவர் அந்த மாணவியைப் பார்த்தார். "பிள்ளை, உம்மை ஒருத்தன் பொல்லாலை அடிக்க வாறான். என்ன செய்வீர்?"

அவள் யோசிக்கவேயில்லை. இடது கையைச் சடாரென்று முகத்துக்கு நேரே தூக்கி மறைத்தாள். சின்னி விரல் பக்கம் வெளியே பார்த்தபடி நின்றது. விரிவுரையாளர் அவளுடைய கையில் ஒரு இடத்தைத் தொட்டார். பிறகு அண்ணையின் கையில் அதே இடத்தைத் தொட்டார்.

அந்தப் பிள்ளை தூக்கிய கையை இறக்க மறந்து, கைக்கு மேலால் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் விரிவுரையாளருக்கு என் ஞாபகம் வந்தது. "எப்ப நடந்தது, ஐயா?" என்று மெல்லக் கேட்டார்.

"எண்பத்து மூண்டு" என்றேன்.

அந்த ஆண்டுக்கு எங்கள் சனத்திடம் விளக்கம் தேவையில்லை. விரிவுரையாளர், "விழுந்தும் இருக்கலாம், ஐயா. நான் பாடத்துக்குச் சொன்னது" என்றார். என்னில் இரக்கப்பட்டுத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் தடவிக்கொண்டிருந்த டைனமோப் பெடியன் தலை நிமிராமலே, "சேர், கொஞ்சம் மேல இன்னொண்டு..." என்று தொடங்கினான்.

"போதும்" என்றார் விரிவுரையாளர். அதோடு பாடம் முடிந்தது.

அண்ணையை அந்த ஊர்ச் சுடலையிலேயே எரிப்பதென்று முடிவாகிற்று. விறகு கிடைக்கவில்லை. பிள்ளைகள் கொட்டிலுக்குள் கிடந்த உடைந்த வாங்குகளையும் கதிரைகளையும் கேட்டு வாங்கிக் கை வண்டிலில் ஏற்றினார்கள். எத்தனையோ வருஷமாகப் படித்தவர்களுடைய பேர்கள் கூரான எதனாலோ கீறப்பட்டிருந்த பழைய பலகைகள். பறை இல்லை, சடங்கு செய்யும் குடிமைக்காரர் இல்லை. முறைக்காரர் யாரும் இல்லாத அந்த ஊரில், எந்த ஊர், எந்தச் சாதி என்று கேட்காமல் ஆறு பிள்ளைகள் தோள் கொடுத்தார்கள். புறப்பட முதல் அந்த மாணவி விடுதிக்கு ஓடிப்போய்ப் பங்கீட்டில் வந்த அரிசியில் ஒரு பிடி கொண்டுவந்தாள்.

"மகள் முறையெண்டு நான் வாய்க்கரிசி போடலாமோ, ஐயா?"

நான் தலையாட்டினேன். அவள் போட்டாள். நான் கொள்ளி வைத்தேன். அடுத்த நாள் ஒரு பால்மாத் தகர ரின்னுக்குள் சாம்பலை அள்ளிக்கொண்டு கொக்குவிலில் பழைய மாணவன் ஒருவனுடைய வீட்டில் தங்கினேன். ஊருக்குத் திரும்ப வழி திறக்கும் என்று பார்த்திருந்தேன்.

வழி திறக்கவில்லை. அடுத்த மாதம் இராணுவம் தீவில் இறங்கியது. சனம் அகப்பட்ட வள்ளங்களில் ஏறி அராலிக்கு ஓடி வந்தது. நான் கரையில் நின்று ஒவ்வொரு வள்ளமாக முகம் பார்த்தேன். தங்கச்சி வந்தாள். கையில் ஒரு உடுப்புப் பையும் இல்லை. சேலைத் தலைப்பில் அந்த வெள்ளைத் துணி முடிச்சு மட்டும் இருந்தது. எங்களைக் கரை சேர்த்த வள்ளக்காரர் வரவில்லை. அவர் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. கேட்ட இடமெல்லாம் தெரியாது என்றார்கள்.

வழமையாகச் சாம்பல் கரைக்கும் கீரிமலைக்கும் போக முடியாத காலம். ரின்னில் இருந்த சாம்பலையும் முடிச்சில் இருந்த நகத்தையும் சேர்த்து அராலிக் கரையில் கரைத்தோம். எதிர்க்கரையில் எங்கள் ஊர்ப் பனைகள் தெரிந்தன. "எல்லாம் முறையா முடிஞ்சுதோ? கம்பஸ்காரர் நல்லாப் பாத்தவையோ?" என்று தங்கச்சி கேட்டாள். போமலின் இல்லை என்பதைச் சொன்னேன். தொட்டுப் படித்ததைச் சொன்னேன். கையைப் பற்றிச் சொல்லவில்லை.

பிறகு ஐந்து வருஷம் அகதி வாழ்க்கை. ஒரு பள்ளிக்கூட மண்டபம், ஒரு கோயில் மடம், இரண்டு தெரிந்த வீடுகள். எங்கே போனாலும் புதிதாகப் பழகும் சனத்துக்குத் தங்கச்சி சைக்கிள் கதையைச் சொல்லுவாள். அவளிடம் மிச்சமிருந்த ஒரே சந்தோஷமான கதை அதுதான். "ஊரெல்லாம் எரிய எங்கடை பெரியண்ணை சைக்கிளோட்டம் பழகினவர்" என்று தொடங்குவாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நானும் சிரிப்பேன். 1995இல் இராணுவம் நெருங்க, வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் மழைக்குள் நடந்து வெளியேறியபோது அவளுக்குக் காய்ச்சல் பிடித்தது. சாவகச்சேரியில் ஒரு கொட்டிலுக்குள் கிடந்தாள். கடைசி நாட்களில் கூட, கொட்டிலுக்கு வெளியே சைக்கிள் மணி கேட்டபோது, "பெரியண்ணை, கையைப் பத்திரம்" என்றாள். அங்கேயே முடிந்துபோனாள்.

அந்தப் பல்கலைக்கழகப் பிள்ளைகளில் சிலர் டொக்ரராகி வெளிநாடு போனார்கள் என்றும், சிலர் படிப்பை முடிக்கவில்லை என்றும் கேள்விப்பட்டேன். தோள் கொடுத்த ஆறு பேரில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை என்று ஒருவர் சொன்னார். எந்த இரண்டு பேர் என்று அவருக்குத் தெரியவில்லை.

எண்ணாமல் எதையும் விடாதவன் நான். ஆனால் அடித்தவர்கள் எத்தனை பேர், அந்தக் கை எத்தனை தரம் முகத்துக்கு முன்னால் எழுந்தது என்பது எனக்குத் தெரியாது. நாங்கள் நிம்மதியாகச் சிரிக்க வேண்டும் என்பதற்காகவே அண்ணை அந்தக் கணக்கைத் தன்னோடு வைத்திருந்தார் என்பது மட்டும் எந்த ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டாலும் இன்றைக்கும் நெஞ்சில் வந்து இடிக்கிறது.